நிற்பாட்டு

இவர் ஏழு வருசம்
கிறீஸ்காரன் கப்பலில் கிறீஸ் பூசினவர்.
கொண்டு வந்தது ஒரு மணிக்கூடு, இரண்டு கம்பளி,
ஒரு கசற்.
மணிக்கூட்டை விற்று முத்தையன்கட்டு
இடதுகரையில் இரண்டேக்கர் எடுத்தோம்.
கசற்றை ஆரும் கேட்கவில்லை.

அட்டையில் ஒருத்தி,
கறுத்தத் துணியால் தலையை மூடிக்
கல்லுக்கு மேலே நிற்கிறாள்.
ஸ்தமாத்தா என்று பெயர்.
‘நிற்பாட்டு’ என்று அர்த்தமாம்.
எஞ்சின் அறையில் ஒரு நாளைக்கு
நூறு தரம் கேட்ட சொல், பிழைக்காது என்றார்.
நாலு பெட்டைக்குப் பிறகு ஐந்தாவதும் பெட்டையாம்,
தேப்பன் மாதாவுக்குப் போட்ட கட்டளையாம் அந்தப் பெயர்.
ஆறாவதும் பெட்டை.

பற்றறிக்குத் தடை இருந்த காலம்.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக்
கையால் பெடலைச் சுத்துவேன்.
டைனமோ வயரில் ஏறி வருவாள்.
மெல்லச் சுத்தினால் அவளுக்கு அறுபது வயது,
தொண்டை கட்டிய ஆம்பிளைக் குரல்.
விரைவாகச் சுத்தினால் பதினாறு.
தோள்மூட்டு நோகிற நாளில்
ஒரே பாட்டுக்குள் கிழவியாகித்
திரும்பவும் பெரியபிள்ளையாவாள்.

கதை சொல்வது இவர்.
இவருக்குச் சொன்னது பனாயோத்தி,
கப்பல் குசினியில் கிழங்கு உரிக்கிறவன்,
அவளின் ஊர்க்காரன்.
ஆடு மேய்த்தவளாம். கலியாண வீடுகளில்
பந்திக்குப் பிறகு பாடிக்
கூலிக்கு ஆட்டுப்பால்கட்டி வாங்கினவளாம்.
கிளாரினெற் ஊதினவன் கூட்டிக்கொண்டு போய்
ஏதென்சில் இசைத்தட்டுக்காரனிடம் விட்டானாம்.
கைநாட்டு வைத்தாளாம்.
அதோடு பாட்டெல்லாம் கம்பனியினுடையதாம்.
ஜேர்மனியில் கார் ஃபக்டரிப் பெடியளுக்கு
இரவிரவாகப் பாட,
சம்பளக் காசைத் துப்பல் தொட்டு
அவள் நெற்றியில் ஒட்டினார்களாம்.
பட்டாளம் ஆண்ட நாட்களில்
ஒரு கேணலின் மகள் கலியாணத்துக்குக் கூப்பிட,
பல்லுக்கொதி என்று போகவில்லையாம்.
விசாரிக்க வந்தவனுக்கு
பிடுங்கின பல்லைக் காட்டினாளாம்.

போன கிழமை இரண்டு புருசன் என்றவர்
இந்தக் கிழமை மூன்று என்றார்.
“மூன்றாவது ஆர்?”
“பனாயோத்தி.”
பெடலை விட்டுவிட்டு
இவர் முகத்தையே பார்த்தேன்.
குரல் சரிந்து, தடித்து, நின்றது.

கிபிர் இரைந்தால்
பக்கத்து வளவு மங்களேஸ் கத்துவா:
“நிற்பாட்டு! நிற்பாட்டு!”
ஊரே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகுது என்று
பங்கருக்குள் இவர் சிரிப்பார்.
என் தம்பியின் எட்டிலன்று
இவரே பெடல் சுத்தி
இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டைப் போட்டார்.
ஒரு சொல் விளங்காமல் சனம் அழுதது.
நானும்தான்.

உடையார்கட்டில் றேடியோவை விட்டோம்.
வலைஞர்மடத்தில் சைக்கிளை.
காணி உறுதியோடு பொலித்தீன் பைக்குள்
அவள் மட்டும் முகாமுக்கு வந்தாள்.
சோதித்த ஆமிக்காரப் பெடியன்
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ஆர் இது என்றான்.
மாமி என்றேன்.

மகன் சுகிர்தன்
இத்தாலிக்கென்று வெளிக்கிட்டு ஏதென்சில் நிற்கிறான்.
சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறான்.
மூன்றாம் பாட்டை வாய்க்குள் முணுமுணுக்க
முதலாளி வயிற்றைப் பிடித்துச் சிரித்தாராம்.
சேவல் களவெடுத்தவனைப் பற்றிய பாட்டாம்.
ஸ்தமாத்தாவோ? அந்தப் பெயரில் நாலு பேர் பாடினார்களாம்.
அட்டையில் நிற்பவள்
சவர்க்கார விளம்பரக்காரியாம்.

இவர் நம்பவில்லை.
“அவன் பட்டினத்தான், அவனுக்கென்ன தெரியும்.”
கன நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு,
“பல்லுப் பிடுங்கினது உண்மை.”

நாடாவில் பூஞ்சணம்.
கச்சான் விதைத்த கிழமை
உருவி எடுத்துத் தடிக்குத் தடி கட்டினேன்,
மயிலுக்கும் கிளிக்கும்.
பின்னேரம் கச்சான் காற்று எழும்பினால்
இரண்டு பக்கமும் ஒன்றாக இரைகிறது.
மயில்கள் முதல் நாள் பயந்தன.
இப்போது பழகிவிட்டன.
வேலியோரம் நின்று இவர் சொல்கிறார்:
இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு,
இது அறுபது வயதுக் குரல்.